காரில் ஐந்து வருடம் பாடிய கொசு

போன வாரம் ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு தரும் அனுமதி) கைக்கு வந்த தம்பி ஒருவர், "அண்ணா, காருக்கு எந்த ரேடியோ வாங்கலாம்? நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என் செட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வரும். காரணம் அந்தச் சத்தம்.

ஹாம்காரர்களுக்கான இரண்டு மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசையில் மட்டும் பேசும் 50 வாட் செட். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. முதல் வாரமே ரிப்பீட்டரில் (நம் குரலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) ஒருவர், "உங்க குரலுக்குப் பின்னாடி கொசு பாடுது சார்" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது, மைக் பட்டனை அழுத்தும்போது என் குரலோடு சேர்ந்து வெளியே போகிற சத்தம் அது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'ஙொய்ய்ய்' என்று ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வீட்டில் உட்கார்ந்தபடியே "இப்ப கியர் மாத்துனீங்க" என்று சொல்லும் அளவுக்கு ஒரு பெரியவர் தேறிவிட்டார்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கரண்ட் எடுத்தது என் தப்பு. 50 வாட்டில் பேசினால் இந்த மாதிரி செட் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த மெல்லிய வயர் அதற்குப் போட்டதில்லை. பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்தேன். பாதிக் கொசு செத்தது. வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன், ஃபில்டர் வாங்கினேன், பெயின்ட்டைச் சுரண்டி எர்த் போட்டேன். மீதிப் பாதி சாகவே இல்லை. இவ்வளவு காசு வாங்குகிறார்களே, உள்ளே ஒழுங்காக ஒரு ஃபில்டர் வைக்கக் கூடாதா என்று வருடக்கணக்கில் செட்டைத் திட்டினேன்.

போன மாதம் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது என்று காரை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரைப் பிரித்து டயோடு தட்டைக் காட்டினார். ஒரு டயோடின் கால் கருகி, சுற்றிலும் தீய்ந்த வெல்லம் மாதிரி ஒட்டியிருந்தது. "இது ரொம்ப நாளாவே போயிருக்கும்ணே." ஏசியை டிசியாக்குவது அந்தத் தட்டின் வேலை, ஒரு டயோடு போனாலும் அலை முழுசாக அடங்காமல் லைனில் வந்துகொண்டே இருக்கும். புதுத் தட்டு போட்ட அன்று மாலை ரிப்பீட்டரில் பேசினேன். பெரியவர், "யாரு பேசறது?" என்றார்.

சரி, செட்டின் மேல் குற்றமில்லை. நியாயமாகச் சொன்னால் நல்ல செட். திருகு குமிழ் ஒவ்வொரு சேனலுக்கும் 'டக்'கென்று விழும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணியே மாற்றலாம். ஸ்பீக்கர், பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தாலும் கேட்கும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தும் ஒரு நாள் படுத்ததில்லை. 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இன்னொரு பேண்ட் இதில் கிடையாது. அதற்காக நான் ஏங்கியதும் கிடையாது.

தம்பி செட்டைவிட ஆண்டெனாவைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். என்னுடையது கூரை நடுவில் காந்தத்தில் நிற்கும் கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு நீளம்), அரை மீட்டர் இருக்கும். 5 வாட் வாக்கிடாக்கியைக்கூட அதில் மாட்டிப் பேசினால், கார் என்ற தகர டப்பாவுக்குள் கையில் பிடித்துக் கத்துவதைவிடத் தெளிவாகப் போகும். நான் பெரும்பாலும் 10 வாட்டில்தான் பேசுகிறேன். 50-க்கு ஏற்றினால் எதிர்முனை சிக்னல் மீட்டரில் ஒரு கட்டம் கூடும், அவ்வளவுதான். உரிமத்தில் எவ்வளவு வாட் என்று பார்த்துக்கொண்டு ஏற்ற வேண்டும், அது வேறு.

இத்தனையும் சொல்லிவிட்டு, "இதை மட்டும் வாங்காதே" என்று முடித்தேன். தம்பி குழம்பிப் போனார். ஐந்து வருடம் திட்டிய வாய், ஒரு டயோடுக்காக உடனே மாறிவிடுமா என்ன?

நேற்று இன்னொருவர் என் செட்டை வாங்கிய விலைக்கே கேட்டார். கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.