மெட்டார் படிக்க ஏவியேஷன்வெதர்.கவ்: நிறப்புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

மெட்டார் என்பது ஒரு விமான நிலையத்தின் அப்போதைய வானிலையைச் சுருக்கக் குறியீட்டில் சொல்லும் அறிக்கை. அதைப் படிக்க உதவும் ஏவியேஷன்வெதர்.கவ், அமெரிக்க தேசிய வானிலைச் சேவை நடத்தும் தளம். கட்டணம் இல்லை. மெட்டார் பக்கத்தில் விமான நிலையத்தின் நான்கெழுத்து ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) குறியீட்டைத் தட்டினால் போதும். சென்னைக்கு விஓஎம்எம், திருச்சிக்கு விஓடிஆர். டிக்கெட்டில் அச்சிடும் எம்ஏஏ அல்ல. மூலவரியாகவும் பார்க்கலாம், பிரித்து விளக்கிய வடிவிலும் பார்க்கலாம். டாஃப் என்ற விமான நிலைய வானிலை முன்னறிவிப்பையும் கூடவே கேட்டு வாங்கலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு மாதிரி வரி:

விஓஎம்எம் 121130இசட் 23012ஜி22கேடி 6000 டிஎஸ் எஃப்இடபிள்யூ025சிபி பிகேஎன்080 31/26 க்யூ1003

12ஆம் தேதி, உலக நேரம் 11:30. ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு மாலை 5:00. காற்று 230 டிகிரியிலிருந்து 12 நாட், திடீர் வீச்சு 22 வரை. பார்வைத்தூரம் 6000 மீட்டர். இடி. 2500 அடியில் வானத்தின் எட்டில் ஒன்றிரண்டு பங்கு இடிமேகம் (சிபி), 8000 அடியில் எட்டில் ஐந்து முதல் ஏழு பங்கு மேகம் (பிகேஎன்). வெப்பம் 31, பனிநிலை 26, அழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல். மேக உயரம் ஓடுதளத் தரையிலிருந்து, கடல் மட்டத்திலிருந்து அல்ல. காற்றின் திசை உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுவது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் வாயால் சொல்வது காந்த வடக்கை வைத்து. சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம், அலாஸ்காவிலோ 10 டிகிரியைத் தாண்டும்.

இனி வரைபடத்து நிறங்கள். தளத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு விமான நிலையமும் ஒரு நிறப்புள்ளி. மேற்கண்ட வரிக்கு நீலப்புள்ளி விழும். காலை மூட்டத்தில் 5000 மீட்டர், வேறு தொந்தரவு இல்லை என்றாலும் அதே நீலம்தான். காரணம், நிறம் இரண்டே கணக்கைப் பார்க்கிறது: பார்வைத்தூரம், பிகேஎன் அல்லது ஓவிசி (வானம் முழுதும் மூடிய) மேகத்தின் அடிமட்டம். 5 மைலுக்கும் 3000 அடிக்கும் மேல் இருந்தால் பச்சை. அதற்குக் கீழே 3 மைல், 1000 அடி வரை நீலம். 1 மைல், 500 அடி வரை சிவப்பு. அதற்கும் கீழே மெஜந்தா. இடியும் சிபியும் வீச்சும் கணக்கிலேயே வராது. பார்வை 10 கிலோமீட்டர் இருந்து, 3000 அடி வரை பிகேஎன், ஓவிசி மேகம் இல்லை என்றால், தலைக்கு மேல் இடிமேகம் நின்றாலும் பச்சைதான்!

இந்த எல்லைகள் அமெரிக்காவுக்கு வகுத்தவை. 6000 மீட்டர் என்பது சுமார் 3.7 மைல், அதனால் நீலம். நம் ஊரில் கண்பார்வைப் பறத்தலுக்கு வழக்கமான குறைந்தபட்சமோ 5 கிலோமீட்டர். நீலத்தைப் பார்த்துப் பயிற்சியை ரத்து செய்வதும் தவறு, பச்சையைப் பார்த்துக் கிளம்புவதும் தவறு.

வரைபடமும் பழைய மணிநேரப் பதிவுகளும் படிப்புக்கு அருமை. இந்தியாவில் பறக்கும் முன் எடுக்கும் அதிகாரபூர்வ வானிலை விவரத்துக்கு மட்டும் இந்திய வானிலைத் துறையின் ஓஎல்பிஎஸ் தளத்துக்குப் போங்கள்.