வால்டர் மேல் ஒரு கண் இருக்கட்டும்: ‘த ஸ்டெப்ஃபர்ட் வைவ்ஸ்’ (1975)

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே பாதிப் பேர் சொல்வது, “முடிவுதான் எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?” மீதிப் பேர், “திகில் படம் என்றார்கள், ஒரு இடத்தில்கூடப் பயம் வரவில்லை, ஒரே இழுவை” என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஊர் பெண்களைக் கொன்றுவிட்டு அதே முகத்தோடு இயந்திரப் பொம்மைகளை வைத்துக்கொள்ளும் கணவர்களின் கதை இது என்பது படம் பார்க்காதவர்களுக்கே தெரிந்த ரகசியம். ஆகவே நானும் மறைக்கப்போவதில்லை. உண்மையிலேயே தெரியாதவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தெரிந்தவர்களுக்குத்தான் மிச்சத்தை எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் படம் முடிவு தெரிந்த பிறகு பார்த்தால்தான் பிடிபடுகிறது என்பது என் கட்சி. முதல் தடவை எல்லாரும் அந்த மனைவிகளையே பார்த்துக்கொண்டிருப்போம், இவளுக்கு என்ன ஆச்சு, அவள் ஏன் ஒரே மாதிரி சிரிக்கிறாள் என்று. அடுத்த தடவை வால்டரைப் பாருங்கள். கதாநாயகி ஜோனாவின் கணவன் (பீட்டர் மாஸ்டர்சன்). வழுக்கை விழ ஆரம்பித்த, சாதுவான, அதட்டிப் பேசக்கூடத் தெரியாத வக்கீல். பெண்டாட்டியை அடிப்பவன் இல்லை. பெண் விடுதலையை வாயளவில் ஆதரிக்கிற ஆள்தான். இந்த மனுஷன் தன் மனைவியைக் கொல்லச் சம்மதிக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறான் என்பதுதான் படமே.

கதை சுருக்கமாக: நியூயார்க்கிலிருந்து கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டெப்ஃபர்ட் என்ற கற்பனை ஊருக்குக் குடும்பம் குடிபோகிறது. ஜோனாவுக்கு (காத்தரின் ராஸ்) அதில் இஷ்டமே இல்லை. இஷ்டமா என்று வால்டர் கேட்டான், ஆனால் முடிவு எடுத்துவிட்டுக் கேட்டான். இதை ஜோனாவே ஒரு சண்டையில் சொல்லிக் காட்டுகிறாள். கிளம்பும் காலையில் நியூயார்க் தெருவில் ஒரு ஆள் துணியில்லாத கடைப் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறான். மகள் அதை அப்பாவிடம் சொல்ல, இதனால்தான் நாம் ஸ்டெப்ஃபர்டுக்குப் போகிறோம் என்கிறான் அப்பா. முதல் ஐந்து நிமிஷத்திலேயே மொத்தக் கதையையும் நம் முகத்துக்கு நேரே வைத்துவிட்டார்கள், அதுவும் ஜோக்காக. (அந்தக் குட்டி மகளாக வருவது மேரி ஸ்டூவர்ட் மாஸ்டர்சன், வால்டராக நடித்தவரின் சொந்த மகள். பிற்பாடு பெரிய நடிகையானவர்.)

புது வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு காரல் சமைத்து எடுத்துக்கொண்டு வருகிறாள். அவள் அழகைப் போலவே சமையலும் பிரமாதம் என்று வால்டர் அவள் கணவனிடம் பாராட்டுகிறான். பாராட்டு அவளுக்கு இல்லை, அவனுக்கு! புதுக் கார் வாங்கியவனிடம் சொல்வது போல. இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடங்களைத்தான் “இழுவை” என்கிறார்கள்.

அப்புறம் ஆண்கள் சங்கம். ஊரின் பெரிய மாளிகையில் ஆண்கள் மட்டும் கூடும் இடம். படமாக்கியது நார்வாக்கில் இருக்கும் லாக்வுட்–மேத்யூஸ் மாளிகையில், பழைய அருமையான கட்டடம். வால்டர் முதல் தடவை அங்கே போய்விட்டு வந்த ராத்திரி தூக்கம் வராமல் இருட்டில் கையில் குடியோடு உட்கார்ந்திருக்கிறான். ஜோனா இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் வரவில்லை, உன்னை நேசிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறான். கண் கலங்கியிருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது, பாவம், ஏதோ மனக்கஷ்டம் என்று கடந்துவிடுவோம். முடிவு தெரிந்து பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அவன் நிஜமாகவேதான் அழுகிறான். அழுதுவிட்டு அடுத்த கூட்டத்துக்கும் போகிறான்.

அதே சங்கத்து ஆட்கள் பிறகு ஜோனா வீட்டுக்கே வருகிறார்கள். பத்திரிகைகளுக்குப் பெண்களை வரைந்து பேர் வாங்கிய ஓவியர் ஒருவர் சும்மா பொழுதுபோக்குக்கு என்று அவள் முகத்தையும் கண்களையும் வரைந்து தள்ளுகிறார், அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். இன்னொருவர் உச்சரிப்பை ஆராய்வது என் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒரு நீளமான சொற்பட்டியலைக் கொடுத்து டேப்பில் பதிவு செய்து தரச் சொல்கிறார். அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறாள். இந்தக் காலத்தில் குரலையும் முகத்தையும் எவனிடமோ கொடுத்துவிட்டுத் திண்டாடுகிற நமக்கு இந்தக் காட்சி 1975-இன் ஆட்களுக்கு இருந்ததைவிட அதிகமாகவே உறைக்கும். சங்கத்தின் தலைவனுக்கு டிஸ் என்று பட்டப்பெயர், டிஸ்னிலாந்தில் வேலை பார்த்ததால். அதுவும் அப்போது வெறும் கற்பனை இல்லை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியிலேயே டிஸ்னிக்காரர்கள் எழுந்து நின்று பேசுகிற லிங்கன் பொம்மையைக் காட்டிவிட்டார்கள்.

பாபியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பாலா ப்ரென்டிஸ் நடித்த பாத்திரம், ஜோனாவுக்கு அந்த ஊரில் கிடைக்கும் ஒரே உருப்படியான தோழி. வீடு குப்பையாகக் கிடக்கும், வாய் ஓயாது, எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல். படத்தின் சிரிப்பு முழுக்க இவள் தயவுதான். ஊர்த் தண்ணீரில்தான் ஏதோ கலந்திருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் அத்தனை கம்பெனிகள் இருக்கின்றனவே என்று சந்தேகப்பட்டு, ஜோனாவின் பழைய காதலர் ஒருவரிடம் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை, நல்ல தண்ணீர். இவர்களே பெண்களைக் கூட்டி மனம்விட்டுப் பேசலாம் என்று ஒரு கூட்டம் போடும் காட்சியும் இருக்கிறது. நான்கு வார்த்தை பேசுவதற்குள் பேச்சு துணிக்குப் போடும் ஸ்ப்ரே கஞ்சியின் மகிமைக்குத் திரும்பி, வந்திருந்தவர்கள் டிவி விளம்பரத்தில் வருவது மாதிரி அதைப் பற்றியே உருகுகிறார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த பாபி, கணவனோடு வார இறுதிக்கு எங்கோ போய்விட்டுத் திரும்புகிறாள். வீடு பளபளவென்று இருக்கிறது, அவளும்தான். சமையலறையில் ஜோனா முதலில் தன் கையைக் கீறி ரத்தத்தைக் காட்டுகிறாள், எனக்கு ரத்தம் வருகிறது, உனக்கு வருமா என்று. பிறகு கத்தியை பாபியின் வயிற்றில் செருகிவிடுகிறாள். ரத்தம் இல்லை. பாபி விழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. காபி போடவே ஆரம்பிக்கிறாள். கோப்பையை எடுக்கிறாள், கீழே போடுகிறாள், மறுபடி எடுக்கிறாள், காபித்தூளை அள்ளித் தரையில் கொட்டுகிறாள், நாம் தோழிகள் என்றல்லவா நினைத்தேன் என்று அதே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள். பயமே வரவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்சியில் போனை நோண்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பெரிய விவாதம், இது பெண்களுக்கு ஆதரவான படமா, எதிரானதா என்பது. அது வெளியானபோதே கிளம்பிவிட்டது. பெண்ணுரிமையாளர்களுக்கென்று போட்டுக் காட்டியபோது பெண்கள் இயக்கத்தின் முன்னணித் தலைவர் பெட்டி ஃப்ரீடன் கோபத்தோடு எழுந்து போனார், பெண்கள் இயக்கத்தை வைத்துக் காசு பார்க்கும் வேலை என்று திட்டினார். வேடிக்கை என்னவென்றால் ஐரா லெவின் 1972-இல் எழுதிய மூல நாவலில் ஸ்டெப்ஃபர்டின் பழைய பெண்கள் சங்கத்தில் வந்து பேசியவராக வருவதே ஃப்ரீடன்தான். படத்திலும் அந்தப் பழைய சங்கத்தின் துப்பு கிடைக்கிறது, அதற்குத் தலைவியாக இருந்தவள் யார் தெரியுமா, நம் சமையல்கார காரல்! ஃப்ரீடனின் கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் கடன் கொடுக்க ஆண், பெண் பார்க்கக்கூடாது என்று சட்டம் வந்ததே 1974 அக்டோபரில்தான். ஒவ்வொரு உரிமைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், முடிவில் ஒரு பெண்கூடத் தப்பிக்காத படத்தைக் கொண்டுவந்து காட்டினால் கோபம் வராதா? ஆனாலும் என் ஓட்டு படத்துக்குத்தான். பெண்களைக் கேலி செய்கிற படம் என்றால், மனநல மருத்துவரிடம் ஜோனா போகும் காட்சி அப்படி எழுதப்பட்டிருக்காது. உனக்குத்தான் பைத்தியம் என்று அந்த அம்மாள் சொல்வதில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உடனே ஊரைவிட்டுப் போ என்கிறார். திகில் படத்தில் டாக்டர் இப்படிப் பேசுவது எத்தனை அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஜோனா தன் பயத்தை எப்படிச் சொல்கிறாள் என்பதையும் கேளுங்கள். என் பெயரில், என் முகத்தில் ஒருத்தி இருப்பாள், சமைப்பாள், துடைப்பாள், ஆனால் போட்டோ எடுக்க மாட்டாள், அது நானாக இருக்காது என்கிறாள். அவள் போட்டோகிராபர் என்பதைப் படம் மறக்கவே இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆண்கள் எல்லாரும், வால்டரைத் தவிர, ஒரே அச்சு. ஏன் என்று ஜோனா கேட்கும்போது, எங்களால் முடிகிறது, அதனால் செய்கிறோம் என்கிற மாதிரி டிஸ் சொல்லும் பதில் குளிர வைக்கிறது, சரி, ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் பொறாமையையும் பயத்தையும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். கடைசிப் பகுதியில் இருட்டு மாளிகை, மழை, இடி என்று வழக்கமான திகில் படமாகிவிடுவது எனக்கு ஏமாற்றம். அதுவரை நல்ல வெயிலிலேயே பயம் காட்டினார்களே! ஒளிப்பதிவு ஓவன் ராய்ஸ்மன், ‘த எக்ஸார்சிஸ்ட்’ எடுத்தவர். இருட்டில் மிரட்டத் தெரிந்த ஆளே இங்கே பச்சைப் புல்வெளியையும் பால் மாதிரி வெளிச்சத்தையும் வைத்து உறுத்துகிறார். கறுப்பினத்தவர் ஒரு தம்பதி கடைசிக் காட்சியில் கடைக்குள் சண்டை போட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பதோடு சரி.

உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவர்களே தயாரித்த பொம்மைகள் என்றால் குட்டைப் பாவாடையில்தானே திரிய வேண்டும், இவர்கள் ஏன் தரையைத் தொடும் கவுனும் தொப்பியுமாகப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மனுக்கும் அதே குறைதான். இயக்குநர் பிரையன் ஃபோர்ப்ஸ் தன் மனைவி நானெட் நியூமனை காரலாகப் போட்டதால், குட்டை உடை அவருக்கு ஒத்துவராது என்று எல்லார் உடையுமே மாறிவிட்டது என்று அவர் புலம்பியிருக்கிறார். தற்செயலோ என்னவோ, எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. அந்த ஆண்களுக்கு வேண்டியது வெறும் கவர்ச்சி மட்டும் இல்லையே. பாட்டி காலத்து அடக்கமும் வேண்டும், படுக்கையறையில் மட்டும் வேறு மாதிரி இருக்கவும் வேண்டும்.

2004-இல் ஃபிராங்க் ஆஸ் இதே கதையை மறுபடி எடுத்ததைப் பற்றிக் கேட்பீர்கள். நிகோல் கிட்மன், கிறிஸ்டஃபர் வாக்கன், கிளென் க்ளோஸ் என்று நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு காட்சியில் மனைவி வாயிலிருந்து ஏடிஎம் மாதிரி பணம் வருகிறது, அப்படியானால் இயந்திரம். பிறகு பார்த்தால் மூளையில் சில்லு வைத்த உயிருள்ள பெண்ணாம். இந்தக் குழப்பத்தைக்கூட மன்னிக்கலாம். அதில் வால்டர் கடைசி நேரத்தில் திருந்திவிடுகிறான், எல்லாச் சதிக்கும் மூளை ஒரு பெண் என்று வேறு ஆகிறது. கணவனைக் காப்பாற்றிவிட்டால் இந்தக் கதையில் மிச்சம் என்ன? நகைச்சுவைப் படமாக ஓரளவு பொழுது போகும், அவ்வளவே.

பார்ப்பதென்றால் 1975 படத்தை முதலில் பாருங்கள், அதுவும் அவசரம் இல்லாத ஒரு நாளில். 115 நிமிஷம். நாவல் ரொம்பச் சின்னது, பிறகு படிக்கலாம். அதில் லெவின் முடிவை இன்னும் பூடகமாக விட்டிருப்பார். டிவிக்காக 1980, 1987, 1996 வருஷங்களில் வந்த தொடர்ச்சிகளில் ஒன்று குழந்தைகளை மாற்றுகிறது, இன்னொன்று கணவர்களையே மாற்றுகிறது. அவற்றைத் தேடி அலையும் நேரத்தில் இதையே வால்டருக்காக இன்னொரு தடவை பார்த்துவிடலாம்.