யூடியூப்பும் சுயமுன்னேற்றமும்: திருகோணமலைப் பாவனையாளருக்கு ஒரு மதிப்பீடு

படகின் வெளியிணைப்பு எஞ்சினின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று தேடிப் பார்க்கிற மீனவருக்கு யூடியூப் நல்ல சேவை. பார்த்தார், கழற்றினார், கழுவினார், பூட்டினார். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்தால் காணொளி சரி, பிடிக்காவிட்டால் எங்கோ பிழை. அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதே போனில் 'தன்னம்பிக்கையை வளர்ப்பது எப்படி' என்று தேடுகிறவருக்கு அப்படி இழுத்துப் பார்க்கக் கயிறு இல்லை. காணொளி முடியும்போது மனம் இலேசாகிறது, ஏதோ ஒரு முடிவு எடுத்த திருப்தி வருகிறது. அந்தத் திருப்தியோடு அடுத்த காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. இந்தச் சேவையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. உள்ளடக்கம் மோசம் என்று சொல்ல முடியாது. தமிழில் நல்ல பேச்சாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்து பார்க்கும் இடைவெளியை மட்டும் இது தருவதில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வித்தையின் காணொளியை 20 தரம் பார்த்தவர்களுக்கு 'எனக்கும் இது வரும்' என்ற நம்பிக்கை ஒரு தரம் பார்த்தவர்களைவிடக் கூடியது. அம்பெறியும் விளையாட்டின் காணொளியை அப்படித் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களை அதைச் செய்யவிட்டபோது திறமை கூடியிருக்கவில்லை. இன்னொரு சோதனையில், மேலே எறிந்து பிடிக்கும் வித்தைக்குரிய கட்டைகளைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்த்தவுடனேயே அந்த மிகை நம்பிக்கை இறங்கியது. பொருளைத் தொட்ட பிறகுதான் இரண்டாம் தரம் பார்க்கவேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் வரத்துக் கூடும். அதற்குள் புறாத்தீவுப் படகுச் சவாரியில் வேலை பிடிக்க ஆங்கிலம் வேண்டும் என்று ஒருவர் பெப்ரவரியில் பார்க்கத் தொடங்குகிறார் என்று வைப்போம். 'தயக்கமில்லாமல் ஆங்கிலம் பேச' என்று தேடினால் பட்டியலுக்கு முடிவே இராது. 'படகு எத்தனை மணிக்குத் திரும்பும், கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும்' என்று பயணிக்குச் சொல்ல என்ன வசனம் தேவை என்று தேடினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். பிறகு போனின் ஒலிப்பதிவைத் திறந்து, கொப்பியைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் அதே விளக்கத்தைச் சொல்லவேண்டும். கேட்டுப் பார்த்து, தடக்கிய இடங்களை மட்டும் குறித்து, மறுபடி பதியவேண்டும். மூன்றாவது பதிவுக்குப் பிறகும் ஒரு சொல் வராவிட்டால் அந்தச் சொல்லுக்காக மட்டும் திரும்பக் காணொளிக்குப் போகலாம். பத்து நிமிடம் பார்த்தால் முப்பது நிமிடம் செய்வது என்பது எங்கள் கணக்கு; அதைவிடக் குறைந்தால் பார்ப்பதுதான் பழக்கமாகும்.

இனி அமைப்புகள். சேவையை உள்ளபடியே பாவித்தால் ஐந்துக்கு இரண்டு புள்ளிதான் கொடுக்கலாம். கீழே சொல்வதைச் செய்தால் நான்கு.

முதலில் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். காணொளித் திரையின் மேற்பக்கத்தில் அதற்குரிய சிறிய பொத்தான் இருக்கிறது. அடுத்தது பார்த்த வரலாறு. கணக்குப் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குப் போய், வரலாற்றை நிர்வகிக்கும் பகுதியில் அதை நிறுத்தலாம். 2023 ஓகஸ்ட் தொடக்கம், வரலாறு நிறுத்தப்பட்டு, பழைய வரலாறும் பெரிதாக இல்லாத கணக்குகளுக்கு முகப்புப் பக்கம் பரிந்துரை இல்லாமல் வெறுமையாகவே வருகிறது. தேடும் பெட்டி மட்டும் இருக்கும். பலர் பிழைவிடும் இடமும் இதுதான்: நிறுத்துகிறார்கள், பழையதை அழிப்பதில்லை. பிறகு 'ஒன்றும் மாறவில்லையே' என்கிறார்கள். இரண்டையும் செய்யவேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே கணக்கைப் பாவித்தால் பிள்ளைகளுடைய வரலாறும் சேர்ந்து போகும், முதலில் சொல்லிவிடுங்கள். காணொளிக்குக் கீழே வரும் பரிந்துரைகள் இதற்குப் பிறகும் இருக்கும். முகப்பு வெறுமையானாலே பெரிய உதவி, ஏனென்றால் கேள்வியோடு வராதவருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இராது.

யூடியூப்பின் சொந்த 'இடைவேளை நினைவூட்டல்' பலவீனமானது. ஒரு தட்டில் மறைந்துவிடும். அண்ட்ரொயிட் போனின் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் செயலிக்கு நாளாந்த நேர எல்லை வைப்பது இதைவிடப் பலமானது. 30 நிமிடம் என்று வைத்தால் முடிந்ததும் செயலி மூடிக்கொள்ளும், அதன் படமும் மங்கிவிடும். இதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. குரோமில் அதே யூடியூப் திறக்கும். எல்லை நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால், 11.50க்கு முடிந்தவருக்கு 12 மணிக்கு இன்னொரு அரைமணி கிடைத்துவிடும். படுக்கை நேரம் பிந்துகிறவர்கள் போனை இரவில் வேறு அறையில் சார்ஜ் போடுவது எந்த அமைப்பையும்விட நன்றாக வேலை செய்யும்.

'பின்னர் பார்க்க' பட்டியல் நல்ல வசதி போலத் தெரிகிறது. சேமித்ததையே படித்ததாக மனம் எண்ணிக்கொள்வதால் அது கெடுதலாகிறது. மூன்றுக்கு மேல் வைக்கவேண்டாம். நான்காவதைச் சேர்க்கவேண்டுமானால் ஒன்றை நீக்கவேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையோடும் போனுக்கு வெளியே ஒரு பொருள் வேண்டும்: 80 பக்கக் கொப்பி. எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், விலை கூடிய திட்டமிடல் குறிப்பேடு தேவையில்லை. ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு வசனம் எழுதுங்கள். 'நாளை மாலை 5.30க்கு, குந்தில் இருந்து, இரண்டு நிமிடப் பதிவு மூன்று தரம்.' எப்போது, எங்கே என்று முன்கூட்டியே குறித்த திட்டங்கள் வெறும் விருப்பத்தைவிடக் கூடுதலாக நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். 'தினமும் பயிற்சி செய்வேன்' என்ற வசனத்தில் நேரமும் இல்லை, இடமும் இல்லை; அதனால்தான் அது மூன்றாம் நாளே நின்றுபோகிறது. வசனம் எழுத வராத காணொளி என்றால், அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இனி அந்தப் பேச்சாளரைத் தேடவேண்டாம்.

பணம் கட்டும் பிரீமியம் தேவையா என்று கேட்பவர்களுக்கு: இந்த நோக்கத்துக்கு வேண்டாம். விளம்பரம் போய்விடும், திரையை அணைத்தபடி கேட்கவும் முடியும். ஆனால் கையைத் தடுத்து 'போதும்' என்று எழும்ப வைத்த கடைசி இடைநிறுத்தமும் விளம்பரத்தோடு போய்விடும். கடற்கரையில் நடந்தபடி கேட்பதற்கு மட்டும் ஒரு விதிவிலக்குத் தரலாம். நடை என்பது செய்துமுடித்த வேலைதான், காதில் எது ஓடினாலும்.