காரைக்குடிப் பக்கம் போன் வாங்கியவர்களுக்கு: கடையில் போட்டுக் கொடுத்த ஜிமெயில் கணக்கை உடனே பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆண்ட்ராய்டு போன் வாங்கி, கடைக்காரரே எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தால், அந்த போனில் எந்த ஜிமெயில் கணக்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் தெரியும். வீட்டில் யாருக்குமே தெரியாத முகவரி அங்கே இருந்தால் இந்தப் பதிவை முழுக்கப் படியுங்கள்.

எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) பள்ளத்தூரில் தனியாக இருக்கிறார்கள். அம்மான் (தாய்மாமன்) குடும்பம் சிங்கப்பூரில். பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்ப்பதற்குத்தான் போன். பழைய போன் உடைந்ததும் சின்னத்தா (சித்தி) ஆயாவைக் காரைக்குடிக்கு அழைத்துப் போய், நல்ல கூட்டம் வரும் ஒரு கடையில் ரூ. 11,499-க்குப் புதிது வாங்கிக் கொடுத்தார்கள். "8 ஜிபி ஆச்சி, ஹேங்கே ஆகாது" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சிம்மை மாற்றிய பையன், "நீங்க உக்காருங்க ஆச்சி, ஜிமெயில் எல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று போனை உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை இடத்தில் 'சம்மதம்' அழுத்தப்பட்டதோ, ஆயாவுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

முதலில் வந்த தொல்லை விளம்பரம். போனைக் கையில் எடுத்தாலே பூட்டுத்திரையில் ஒரு நடிகை படம், சூதாட்ட விளையாட்டு, உடனடிக் கடன். அம்மானோடு பேசி முடித்ததும் திரை முழுக்க ஒரு விளம்பரம் வந்து நிற்கும். மூடும் குறி கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். "உங்கள் போனில் வைரஸ்" என்று ஒரு நாள் சிவப்பாக வந்ததைப் பார்த்து ஆயா பயந்துபோய், போனை அணைத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்கள். அம்மான் கூப்பிட்டுப் பார்த்து, எடுக்காததால் பதறி, பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொன்னார்கள். எழுபது வயதுக்கு மேல் தனியாக இருக்கும் ஒருவருக்கு இதைச் செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது?

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது நான் அந்த போனை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் சேமிப்பிடம் தீரப்போகிறது என்று ஓர் அறிவிப்பு இருந்தது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஆயா எடுத்திருக்கும் படங்கள் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. கூகுள் போட்டோஸைத் திறந்தேன். யாரோ ஒரு வீட்டுக் காதுகுத்து. பள்ளிச் சீருடையில் எனக்குத் தெரியாத பிள்ளைகள். ஒருவருடைய வங்கிப் பாஸ்புக். ஒருவருடைய மருத்துவ அறிக்கை. அவற்றுக்கு நடுவே எங்கள் ஆயாவின் ஆதார் அட்டை, ஆயாவின் பென்ஷன் புத்தகம், பங்காளிகள் பாகப்பிரிவினைக்காக அம்மானுக்கு அனுப்ப எடுத்த வீட்டுப் பத்திரத்தின் பக்கங்கள், ஒவ்வொன்றாக.

ஒரே ஜிமெயில் கணக்கை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே பெட்டகச் சாவியை ஊரில் பத்து வீட்டுக்குக் கொடுத்தது போலத்தான் இது. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் அது திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அதில் வரிசையாகப் பல போன்கள். தொடர்புப் பட்டியலும் கலந்து கிடந்தது: எங்கள் வீட்டு எண்கள் அவர்கள் போனில், அவர்கள் வீட்டு எண்கள் ஆயாவின் போனில். இதைவிட எனக்குக் கலக்கமாக இருந்தது இன்னொன்று. தொலைந்த போனைக் கண்டுபிடிக்க கூகுள் கொடுத்திருக்கும் வசதியை, கணக்கைத் திறக்க முடிந்த எவரும் பயன்படுத்தலாம். போன் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்க்கலாம், அதில் உள்ளதையெல்லாம் அழிக்கவும் செய்யலாம். இரண்டு தெருவுக்கு நீண்டு கிடக்கும் வீட்டில் ஒரு வயதான பெண்மணி தனியாக இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். கத்தவில்லை, திரையைக் காட்டித்தான் கேட்டேன். உரிமையாளர் சொன்னது: "வயசானவங்களுக்குத் தனி ஜிமெயில் எதுக்குத் தம்பி? எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுக் கொடுக்குறோம். யாரு அதையெல்லாம் பாக்கப் போறா?" அந்த விளம்பர ஆப்களைப் பற்றிக் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அந்தப் பையன்தான் மெதுவாகச் சொன்னான், "ஆப் ஏத்துனா கடைக்குக் காசு வரும்ண்ணே." அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன், சொன்னதைச் செய்கிறான். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்ற வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று உரிமையாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். மறுத்துவிட்டார்.

8 ஜிபி கதையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பின்பக்கம் 4 ஜிபி ரேம் (போன் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) என்றுதான் இருக்கிறது. மீதி 4 ஜிபி, போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரேம் போலக் காட்டுவது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. கடையில் கேட்கும்போது "ரேம் எவ்வளவு" என்று கேட்காமல், பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆயாவின் போனைச் சரிசெய்தது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன், வரிசை முக்கியம் என்பதால். முதலில் அந்தக் கணக்கின் முகவரி, கருவிகளின் பட்டியல், பிறர் தகவல்கள் வந்திருப்பது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பிறர் படங்களைத் தெளிவாகப் படம்பிடிக்க வேண்டாம், அவை இருப்பது தெரிந்தால் போதும். பிறகு நம் எண்களை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்துகொண்டோம். இல்லாவிட்டால் கணக்கை நீக்கும்போது அவையும் போய்விடும். நம் படங்களைப் போனின் கோப்புறையிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றி, போட்டோஸில் நம்முடையதை மட்டும் நீக்கினோம். நீக்கியவை குப்பைப் பெட்டியில் 60 நாள் வரை கிடக்கும் என்பதால் அங்கேயும் போய் நம் படங்களை நிரந்தரமாக அழித்தோம். அதற்குப் பிறகுதான் கணக்கை போனிலிருந்து எடுத்தோம், அதற்கும் பிறகுதான் ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிது போல ஆக்குவது. கணக்கை எடுக்காமல் யாராவது போனின் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் திரும்பத் திறக்கும்போது அந்தப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது கடைக்காரரிடம் இருக்கும். திறந்து கொடுக்கக் காசு கேட்பார்கள்.

புதிதாக ஆயா பெயரிலேயே கணக்கு தொடங்கினோம், மீட்பு எண்ணாக சின்னத்தாவின் எண். அமைக்கும்போது கேட்கும் 'பரிந்துரைகள்', 'தனிப்பயன் விளம்பரம்', பூட்டுத்திரையில் படமும் விளம்பரமும் காட்டும் வசதி எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே போட்டோம். செட்டிங்ஸில் கூகுள் பகுதியில் விளம்பரங்கள் என்று இருக்கும். அதில் விளம்பர அடையாளத்தை (நமக்கேற்ற விளம்பரம் காட்டப் பயன்படும் எண்) நீக்கிவிடலாம். பேசி முடித்ததும் திரையை மறைத்து வரும் விளம்பரத்துக்குக் காரணம், 'மற்ற ஆப்களின் மேல் காட்டு' என்ற அனுமதி. அந்தப் பட்டியலைத் திறந்து, வேண்டாத ஆப்களுக்கு அனுமதியை எடுத்ததும் அது நின்றது. போனோடு வந்த சில ஆப்களை நீக்கவே முடியவில்லை, முடக்கத்தான் முடிந்தது. நம் காசு கொடுத்து வாங்கிய பொருளில் நாம் வேண்டாம் என்பதை எடுக்க முடியாது என்பதை எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதோடு நிற்கப் போவதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நமக்கு அது சிவகங்கை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, காலக்கெடு இரண்டு ஆண்டு. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் மட்டும் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது விவரம் தெரிந்து, சுயமாக, தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. உள்ளறையில் வேறொருவர் அழுத்திய 'சம்மதம்' அதில் எந்த வகை?

ஆயாவின் போனில் வந்திருந்த எண்களில் சிலரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். கண்டனூரில் ஒரு அம்மா என்னை மோசடிக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். மறுநாள் அவர்கள் மகன் கூப்பிட்டு, பிளே ஸ்டோரில் அதே முகவரி இருப்பதாகச் சொன்னார். அவரும் இன்னொரு குடும்பமும் மனுவில் சேர்கிறார்கள்.

கடையின் பெயர் மனுவில் இருக்கிறது, அதனால் இங்கே போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை, இதே வேலையை வேறு கடைகளும் செய்யலாம். உங்கள் வீட்டு போனில் தெரியாத கணக்கு இருந்தால், அதை நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு உள்ள பில், போன் பெட்டி இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்திருந்தால் கடைக்குப் போய் முறையான பில் கேட்டு வாங்குங்கள். ஆணையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.