டேப்பிலிருந்து ப்ளூ-ரே என்று சொல்லி, பழைய டிவிடியைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள்: ஓர் எச்சரிக்கை

ஏறத்தாழ 2005-க்கும் 2012-க்கும் இடையில் நடந்த திருமணங்களின் வீடியோவை டிவிடியாக மட்டுமின்றி, படம்பிடித்த மூல டேப்புகளாகவும் பாதுகாத்து வைத்திருப்பவர்கள், அவற்றை எச்டி தரத்துக்கு மாற்றித் தருவதாகக் கூறும் கடைகளிடம் ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் உள்ள ஒரு கடை எங்களிடம் டேப்புகளையும் பணத்தையும் பெற்றுக்கொண்டு, டேப்பைத் தொடாமலேயே, உடன் கொடுத்த டிவிடியைப் பெரிதாக்கி, எச்டி படத்துக்கான ப்ளூ-ரே வட்டில் பதிந்து கொடுத்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இதைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமாக இருக்காது என்பது இன்னொன்று.

என் தங்கையின் திருமணம் 2009-இல் மதுரையில் நடந்தது. வீடியோகிராபர் வைத்திருந்தது சோனி இசட்-1 வகைக் கேமரா. அது சாதாரண மினி டிவி (Mini DV) கேசட்டிலேயே எச்.டி.வி. என்னும் முறையில் 1440க்கு 1080 பிக்சல் அளவுள்ள படத்தை, நொடிக்கு 25 மெகாபிட் வீதம் பதிவு செய்யக்கூடியது. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது டிவிடி பிளேயர்தான் என்பதால், மிக்சிங் முடிந்து எங்கள் கைக்கு வந்தது டிவிடி. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை டிவிடியில் படத்தின் அளவு 720க்கு 576 பிக்சல். டேப்பில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஏறக்குறைய மூன்று மணி நேர வீடியோவை 4.7 ஜிபி வட்டு ஒன்றிலேயே அடக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டால், ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சராசரியாக மூன்றரை மெகாபிட்டுக்கு மேல் அதில் இடமில்லை. டேப்பும் டிவிடியும் எம்பெக்-2 என்ற ஒரே சுருக்க முறையைப் பயன்படுத்துபவை என்பதால் இந்த ஒப்பீடு நியாயமானதே. அட்சதை தூவும்போது படம் முழுவதும் சிறு சதுரங்களாக உடைவதற்குக் காரணம் இந்தப் பற்றாக்குறைதான். நல்லவேளையாக, டேப்புகளுக்கான விலையைத் தனியாகக் கொடுத்து அப்போதே அவற்றையும் வாங்கி வைத்திருந்தோம்.

கடைக்காரர் ஒப்புக்கொண்ட வேலை இது: டேப்புகளைக் கேப்சர் செய்து, அதாவது ஓட்டிக் கணினியில் கோப்பாகப் பதிந்து, பழைய டிவிடியில் உள்ள வரிசைப்படியே மீண்டும் எடிட் செய்து, 25 ஜிபி ப்ளூ-ரே வட்டில் எச்டி தரத்தில் தருவது. வரிசைக்கு மாதிரியாக வேண்டும் என்று டிவிடியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ரசீதில் "டேப் கேப்சர், எச்டி" என்று அவரே எழுதினார். அந்த மூன்று சொற்கள் பின்னால் பயன்பட்டன.

வட்டு வந்தது. பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், டிவிடியைவிட ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தனவே தவிர, பட்டுச் சேலையின் ஜரிகை பழையபடி மஞ்சள் பட்டையாகவே இருந்தது. ஐயத்தை உறுதிப்படுத்தியது வேறொன்று. எங்கள் டிவிடியில் ஒரு கீறல் உண்டு. கன்னிகாதானக் காட்சியில் படம் ஒரு கணம் உறைந்து, சிதறி, தாவிச் செல்லும். புதிய ப்ளூ-ரே வட்டிலும் அதே இடத்தில் படம் உறைந்து, அதே போலச் சிதறித் தாவியது. டிவிடியின் கீறல் டேப்பில் இருக்க வழியே இல்லை.

இதைச் சொன்னபோது கடைக்காரர் சற்றும் தயங்கவில்லை. "சார், ரிமோட்ல இன்ஃபோ பட்டனை அமுக்கிப் பாருங்க, 1080னு வருதா இல்லையா?" என்றார். வரத்தான் செய்யும். தொலைக்காட்சி காட்டுவது தன்னிடம் வந்து சேரும் சிக்னலின் அளவை. அந்தச் சிக்னலுக்குள் உண்மையான விவரம் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டிவிடியின் ஒரு படத்தில் இருப்பவை 4,14,720 பிக்சல்கள். முழு எச்டி படத்துக்குத் தேவை 20,73,600, அதாவது சரியாக ஐந்து மடங்கு. அப்ஸ்கேலிங் என்னும் முறை, இருக்கும் பிக்சல்களின் நிறத்தைப் பார்த்து, இடையில் வர வேண்டிய மீதி நான்கு பங்கையும் ஊகித்து நிரப்புகிறது. இந்த வேலையை எச்டி தொலைக்காட்சி ஒவ்வொன்றும், எச்டிஎம்ஐ இணைப்புள்ள சாதாரண டிவிடி பிளேயர்கள் பலவும் காசு வாங்காமலேயே செய்துகொண்டிருக்கின்றன. அதைக் கணினியில் ஒருமுறை செய்து, வேறொரு வட்டில் எழுதிக் கொடுத்ததற்குத்தான் எங்களிடம் எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார்.

வாக்குவாதத்துக்குப் பிறகு, இந்த முறை உண்மையாகவே டேப்பை ஓட்டியதாகக் கூறி வேறொரு வட்டைக் கொடுத்தார். உறைதல் இல்லை, சதுரங்களும் இல்லை. ஆனாலும் ஜரிகை துலங்கவில்லை. அவரிடமிருந்து மூலக் கோப்பை வற்புறுத்தி வாங்கி, மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தபோது விடை கிடைத்தது: 720க்கு 576. சோனியின் இத்தகைய கேமராக்களில் "ஐ-லிங்க் கன்வர்ஷன்" வகையில் ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கும் நிலையில் இருந்தால், டேப்பில் எச்டி இருந்தாலும் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியே வெளியே வருவது எஸ்டி எனப்படும் பழைய, எச்டி அல்லாத படம்தான். அதை அணைக்காமல் கேப்சர் செய்து, மறுபடியும் பெரிதாக்கியிருக்கிறார். தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்றால் அவரிடம் டேப்பைக் கொடுப்பதே ஆபத்து.

இதற்கும் மேலாக, கூடுதல் பணம் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் ஏற்றி "4கே" ஆக்கித் தருவதாகவும் சொல்லி, ஒரு மாதிரியைக் காட்டினார். எங்கள் பாட்டியின் முகச் சுருக்கங்கள் அனைத்தும் மெழுகிப் பூசியதுபோல் மறைந்திருந்தன. காதில் இருந்த தோட்டுக்குப் பதிலாக, முத்து போன்ற உருண்டை ஒன்றை அந்த மென்பொருள் வரைந்து வைத்திருந்தது. டிவிடியில் அந்தத் தோடு ஒரு வெள்ளைப் புள்ளி மட்டுமே என்பதால், மென்பொருள் தான் அறிந்த ஏதோ ஒரு நகையைக் கற்பனை செய்துகொண்டது. பிறகு டேப்புகளைத் திரும்பப் பெற்று, திருமணத்தைப் படம்பிடித்த வீடியோகிராபரிடமே கொண்டுபோனோம். அவர் தம் பழைய கேமராவை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். அதிலிருந்து நேராகத் தொலைக்காட்சிக்கு இணைத்து ஓட்டியபோது, பாட்டியின் தோட்டில் ஏழு கல்லையும் எண்ண முடிந்தது.

எல்லா வீடியோவுக்கும் இந்த வேறுபாடு கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1990-களின் விஎச்எஸ் கேசட்டிலோ, சோனி பிடி-170 போன்ற எஸ்டி கேமராவிலோ படம்பிடித்திருந்தால், மூலத்திலேயே எச்டி கிடையாது. விஎச்எஸ்ஸில் கிடைமட்டத் துல்லியம் சுமார் 240 கோடுகள் மட்டுமே. அத்தகைய கேசட்டை "ஃபுல் எச்டி ப்ளூ-ரே" ஆக்குவதாக யாராவது கூறினால், அவர்கள் விற்பது பெரிய வட்டை, கூடுதல் விவரத்தை அல்ல. அவற்றை உள்ள அளவிலேயே, நொடிக்கு 50 அரைப்படங்கள் என்ற மூல அமைப்பைக் கலைக்காமல் கேப்சர் செய்து வைத்துக்கொண்டால் போதும். பெரிதாக்கும் வேலையைத் தொலைக்காட்சி பார்த்துக்கொள்ளும். 35 மி.மீ. பிலிமில் எடுத்த பழைய திரைப்படங்கள் ப்ளூ-ரேயில் புதிதாகத் துலங்குவதைக் காட்டி நம்மை நம்பவைப்பார்கள். அங்கே நெகட்டிவில் விவரம் முன்பே இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்தால் வெளிவருகிறது. விஎச்எஸ் டேப்பில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

எச்.டி.வி. டேப் வைத்திருப்பவர்கள் வேலையை ஒப்படைக்கும்போது, எடிட் செய்த வட்டோடு மூலக் கேப்சர் கோப்புகளையும் ஹார்டு டிஸ்க்கில் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். சரியாகக் கேப்சர் செய்த கோப்பு பெரும்பாலும் எம்2டி என்ற பின்னொட்டோடு இருக்கும். ஒரு மணி நேர டேப்புக்கு ஏறத்தாழ 11 ஜிபி வரும். மென்பொருளில் திறந்தால் 1440, 1080 என்ற எண்கள் தெரியும். ஏவிஐ கோப்பாக 720, 576 என்று காட்டினால் அது எஸ்டி. இறுதி வட்டை மட்டும் சோதிப்பதில் பயனில்லை, ஏனெனில் பெரிதாக்கிய படமும் அங்கே 1920, 1080 என்றே காட்டும். வட்டே ப்ளூ-ரேதானா என்ற ஐயம் இருந்தால், வீட்டில் உள்ள பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பாருங்கள். டிவிடி பிளேயரின் 650 நானோமீட்டர் சிவப்பு லேசரால், 405 நானோமீட்டர் லேசருக்காகச் செய்த வட்டைப் படிக்க முடியாது. ஓடினால் அது ப்ளூ-ரே அல்ல. டிவிடியை மாதிரிக்குக்கூடக் கொடுக்க வேண்டாம் என்பேன். வரிசையைக் காட்டுவதற்கு அதைக் கைப்பேசியில் எடுத்த படமே போதும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். நாங்கள் ரசீதையும், கீறல் தெரியும் இரண்டு வட்டுகளையும், 720க்கு 576 என்று காட்டிய கோப்பையும் சான்றாக வைத்திருக்கிறோம். ரசீதில் "கேப்சர்" என்ற சொல் இருப்பதை நினைவூட்டிய பிறகு, பாதிப் பணத்தைத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மீதியும் வர வேண்டும் என்பதால் புகாரை நாங்கள் திரும்பப் பெறவில்லை.