உய்குர் கட்டாய உழைப்பு: துறைமுகத்தில் மறிப்பதா, டெண்டரில் மறுப்பதா?

உலகப் பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் விளைகிறது. சோலார் பேனலுக்கு வேண்டிய பாலிசிலிக்கானில் 2020 வாக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு அங்கிருந்துதான் வந்தது. அதே மண்ணில் 2017 முதல் பத்து லட்சம் பேராவது முகாம்களில் அடைக்கப்பட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ‘உபரி உழைப்பாளர்கள்’ என்று பட்டியல் போட்டு, அங்கு வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரான உய்குர்களையும் கசாக்குகளையும் ஆலைகளுக்கு அனுப்பும் அரசுத் திட்டம் தனி. இவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று சொன்னது. பெய்ஜிங் எல்லாவற்றையும் மறுத்தது. கண்டனத்தால் ஆகாததைச் சட்டையையும் பேனலையும் பிடித்து நிறுத்திச் சாதிக்கலாமா என்ற கேள்வி இப்படித்தான் வந்தது.

இதற்குப் பல நாடுகள் பல சட்டங்களைப் போட்டிருக்கின்றன. தடை எவ்வளவு கடுமை, அபராதம் எவ்வளவு என்றுதான் பொதுவாக இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எதையாவது நிரூபிக்க வேண்டும் என்றால், அது யார் தலையில் விழுகிறது?

அமெரிக்கா அதை இறக்குமதியாளர் தலையில் கட்டியது. கட்டாய உழைப்பில் உருவான பொருளுக்கு அங்கே 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 307-ஆம் பிரிவிலேயே தடை உண்டு. ஆனால் உள்நாட்டில் அந்தப் பொருள் தேவைக்குப் போதவில்லை என்றால் விட்டுவிடலாம் என்று ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. 2016-இல்தான் அதை அடைத்தார்கள். 2021 ஜனவரியில் ஷின்ஜியாங் பஞ்சுக்கும் தக்காளிக்கும் தடை வந்தது. அப்புறம் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம்: 2021 டிசம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஷின்ஜியாங்கில் உருவான எதுவும், அரசுப் பட்டியலில் உள்ள நிறுவனங்கள் செய்த எதுவும், ஒரு பகுதியாகக் கலந்திருந்தால்கூட, கட்டாய உழைப்பில் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர் ‘தெளிவான, நம்பத்தக்க’ சான்றோடு வர வேண்டும். 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் 144 நிறுவனங்கள் இருந்தன.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதுதான் சுவாரசியம். வியட்நாமில் தைத்த சட்டைகளோடு ஒரு கன்டெய்னர் லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்குகிறது, சுங்கத்துறை நிறுத்துகிறது. இறக்குமதியாளர் பஞ்சு வாங்கிய பில், பஞ்சைக் கொட்டையிலிருந்து பிரிக்கும் ஜின்னிங் ஆலைப் பதிவு, நூற்பாலையில் எந்த லாட் பஞ்சு எந்த லாட் நூலானது என்ற கணக்கு, துணி நெய்த இடம் என்று அடிவரை காகிதம் காட்ட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், நூலில் உள்ள தனிமங்களின் ஐசோடோப்பை, அதாவது மண்ணுக்கு மண் விகிதம் மாறும் அணு வகைகளை, சோதித்து அந்தப் பஞ்சு எந்த மண்ணில் விளைந்தது என்று பார்க்கும் வசதியும் இருக்கிறது. ‘எங்கள் தொழிலாளிகள் சுதந்திரமானவர்கள்’ என்று நிரூபிக்க இறக்குமதியாளர்கள் மெனக்கெடுவதில்லை. ‘இந்தப் பஞ்சு ஷின்ஜியாங்கிலிருந்து வரவே இல்லை’ என்று காட்டுவதே அவர்கள் பிடிக்கும் வழி. மனித உரிமைச் சட்டம் நடைமுறையில் பஞ்சின் ஊர் தேடும் சட்டமாகிவிட்டது. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. ஊரைக் காகிதத்தில் தேட முடியும், மிரட்டலை முடியாது.

நிரூபணச் சுமையை இப்படித் திருப்பிப் போடுவது அநியாயம் என்பவர்களுக்குத் திண்டுக்கல்லைக் காட்டலாம். 2022 ஜூலையில் இதே 307-ஆம் பிரிவு திண்டுக்கல் அருகே உள்ள ஓர் ஆடை ஆலைமீது பாய்ந்தது; செப்டம்பரிலேயே தடை விலகியது. காரணம், ஆலையில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்க அந்த ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் 2021-இல் கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி அதைப் பெற்றது. அங்கே தொழிலாளியிடம் கேட்க முடிந்தது, சங்கம் பதில் சொன்னது, மாற்றத்தைச் சரிபார்க்க ஆள் இருந்தது. ஷின்ஜியாங்கில் சுதந்திரமான சங்கம் கிடையாது. ஆலைகளில் தொழிலாளர் நிலையைச் சரிபார்க்கும் தணிக்கை நிறுவனங்கள் பல, அங்கே இனி வேலை செய்ய முடியாது என்று 2020-லேயே விலகிக்கொண்டன. வாய் திறந்தால் முகாம் என்ற இடத்தில் சாட்சி கொண்டுவா என்று அதிகாரியிடம் கேட்பதில் என்ன நியாயம்?

ஐரோப்பிய ஒன்றியம் அதைத்தான் கேட்கிறது. 2024-இல் நிறைவேறி 2027 டிசம்பர் 14 முதல் அமலாகும் அதன் கட்டாய உழைப்பு ஒழுங்குமுறை, பரப்பில் அமெரிக்கச் சட்டத்தைவிடப் பெரியது. எந்த நாட்டுப் பொருளுக்கும், ஏற்றுமதிக்கும்கூடப் பொருந்தும். கடையில் இருக்கும் சரக்கையே திரும்பப் பெறச் சொல்லலாம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதுபோல், ஷின்ஜியாங் என்றாலே கட்டாய உழைப்பு என்ற முன்கூட்டிய அனுமானம் எதுவும் இல்லை. விதிமீறலை அதிகாரிகள்தான் நிறுவ வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே என்றால் ஐரோப்பிய ஆணையம் விசாரிக்கும். விசாரணைக்கு ஒத்துழைக்காவிட்டால் கையில் இருக்கும் தகவலை வைத்தே முடிவெடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. முழுச் சட்டத்தின் பலமும் அந்த ஒரு விதியில்தான். பெய்ஜிங் ஒத்துழைக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணையம் அதைத் துணிந்து பயன்படுத்தினால் அமெரிக்க வழியின் பக்கத்தில் வரலாம். தயங்கினால் கோப்பு வளரும், அவ்வளவுதான். கனடாவின் கதையும் ஞாபகம் வருகிறது. 2020 ஜூலையிலேயே தடை போட்டார்கள், ஒரு சரக்கைப் பிடித்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

ஐரோப்பா தாமதிப்பதால் அமெரிக்கச் சட்டமும் பாதி வீணாகிறது. பெரிய சோலார் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கு ஒரு வழியில் ‘சுத்தமான’ பேனல், மற்றவர்களுக்கு இன்னொரு வழியில் மிச்சம் என்று உற்பத்தியைப் பிரித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஷின்ஜியாங் சிலிக்கான் மறைவதில்லை, விலாசம் மாறுகிறது.

நீதிமன்ற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இனப்படுகொலை நடக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டால் அந்த நாட்டோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் கேள்விக்குள்ளாகும் வகையில் பிரிட்டன் மேலவையில் ஆல்டன் பிரபு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சர்வதேச நீதிமன்றக் கதவுகள் சீனா விஷயத்தில் சாத்தப்பட்டிருப்பதால் பிறந்த யோசனை அது. 2021 ஜனவரியில் மக்களவையில் 319-க்கு 308 என்று தோற்றது. ஜெயித்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது: சீனாவோடு பிரிட்டனுக்குத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமே கிடையாது. 2024 ஜூனில் பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு இதைவிடக் கனம் அதிகம். வெளிநாட்டு உய்குர்களின் அமைப்பான உலக உய்குர் காங்கிரஸ் தொடுத்த அந்த வழக்கில், ஷின்ஜியாங் பஞ்சு இறக்குமதியை விசாரிக்க மறுத்த தேசியக் குற்றவியல் முகமையின் முடிவு செல்லாது என்றார்கள். இடையில் யாரோ நியாய விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதால் குற்றத்தின் கறை போய்விடாது என்பது அதில் முக்கியமான பகுதி.

கடைசி வழி அரசுக் கொள்முதல். பேச்சில் அதிகம் அடிபடாதது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசுகள் வாங்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் சுமார் 14 சதவீதம். மளிகைக் கடையில் காசை எண்ணிக் கொடுக்கும் ஆளைப் போன்ற இடம் அரசுக்கு. இறக்குமதியைத் தடுக்க உலக வர்த்தக அமைப்பின் விதிவிலக்குகளுக்குள் நுழைந்து வர வேண்டும். சிறை உழைப்புக்கு ஒன்று, பொது ஒழுக்கத்துக்கு ஒன்று என்று அவையும் குறைவு. கொள்முதல் வேறு தடம். அந்த அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் சீனா இன்னும் சேரவில்லை என்பதால், சீன நிறுவனத்துக்கு டெண்டரில் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை அதன் வழியாக யாருக்கும் இல்லை.

இது ஏட்டளவு யோசனை இல்லை. ஷின்ஜியாங் கண்காணிப்போடு பெயர் அடிபட்ட ஹிக்விஷன், தாஹுவா என்ற சீன நிறுவனங்களின் கேமராக்களை அமெரிக்க மத்திய அரசு வாங்கக் கூடாது என்று 2018-இலேயே சட்டம் வந்தது. அதற்குச் சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் 50 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட மருத்துவக் கருவி டெண்டர்களிலிருந்து சீன நிறுவனங்களை விலக்கியது. காரணம், ஐரோப்பியக் கருவிகளைச் சீனா வாங்குவதில்லையாம். ஆக, கருவி கையில் இருக்கிறது. சொந்த வியாபாரம் அடிபட்டால் எடுக்கிறார்கள், உய்குர்களுக்காக என்றால் கை தயங்குகிறது. பிரிட்டனில் அரசின் எரிசக்தி நிறுவனமான கிரேட் பிரிட்டிஷ் எனர்ஜி அடிமை உழைப்பில் வந்த பேனல்களை வாங்கக் கூடாது என்ற மேலவைத் திருத்தத்தை அரசு 2025 மார்ச்சில் தோற்கடித்தது. எதிர்ப்பு கிளம்பவும் ஏப்ரலில் தானே இறங்கி வந்தது.

கொள்முதலின் பலவீனம் அமலாக்கம். பெரும்பாலான டெண்டர்களில் ஒப்பந்ததாரர் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கவுன்சில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கொள்முதல் அதிகாரியிடம் ஐசோடோப் ஆய்வகமா இருக்கிறது?

ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்றால் அமெரிக்க வழி. இரண்டு கிடைக்கும் என்றால், அதன் அனுமானத்தைக் கொள்முதலுக்குள் கொண்டுவருவேன். டெண்டர் போடும்போதே குவார்ட்ஸ் எந்தச் சுரங்கம், சிலிக்கான் எந்த உலை, பாலிசிலிக்கான் எந்த ஆலை என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் ஷின்ஜியாங் என்றே வைத்துக்கொண்டு உறையை ஓரம் தள்ள வேண்டும். இதில் நிறுவனங்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஷின்ஜியாங் பஞ்சைப் பற்றிக் கவலை தெரிவித்ததற்காக 2021-இல் ஸ்வீடன் ஆடை நிறுவனமான ஹெச் அண்ட் எம் கடைகள் சீன இணையச் சந்தைகளிலிருந்து காணாமல் போயின. எல்லோருக்கும் ஒரே டெண்டர் நிபந்தனை என்றால், எந்த நிறுவனமும் தனியாக வாய் திறந்து மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.