வெங்காயத் தோலுக்கு 100 மடங்கு போதும்: ஒரு மாணவர் நுண்ணோக்கி

மலேசிய இடைநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டான ‘படிவம் ஒன்று’ அறிவியலில் உயிரணுப் பாடம் தொடங்கிய வாரத்தில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு கல்விப்பொருள் கடையில் 139 ரிங்கிட்டுக்கு வாங்கிய மாணவர் நுண்ணோக்கியை, என் மகளும் நானும் இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம்.

பெட்டியின் மேல் ‘1200 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். எவ்வளவு சிறந்த சாதாரண ஒளி நுண்ணோக்கியாலும், ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்திய இக்கருவியோ அந்த எல்லைக்கு அருகில்கூடச் செல்வதில்லை. 1200 மடங்கில் எங்களுக்குக் கிடைத்தது பெரிதான மங்கல்தான்.

ஆனால் 100 மடங்கில் இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது. பெரிய வெங்காயத்தின் சதைப்பற்றான இதழின் உட்புறத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் சுருக்கமின்றிப் பரப்பி, அயோடின் இட்டு, காற்றுக்குமிழி புகாதவாறு மூடு கண்ணாடியைச் சாய்வாக இறக்கிப் பார்த்தபோது, செங்கல் அடுக்கியதுபோல் உயிரணுக்களும், அவற்றுள் பழுப்பேறிய உட்கருக்களும் தெளிவாகத் தெரிந்தன. 1665ஆம் ஆண்டு நூலில் ராபர்ட் ஹூக் ‘செல்’ என்று பெயரிட்டவை தக்கையின் வெற்று அறைகள். உயிர் போய்ச் சுவர் மட்டும் எஞ்சியவை. என் மகள் கண்டது உட்கருவோடு கூடியது என்பதில் அவளுக்குச் சற்றுப் பெருமைதான்.

கன்னத்தின் உட்புறத்தில் மெல்லச் சுரண்டி எடுக்கும் உயிரணுக்களுக்குச் சாயமேற்ற மெத்திலின் நீலம் வேண்டும். அது பெட்டியில் இல்லாததால் தனியே வாங்கினோம். உயிரணுச் சுவர் இல்லாத அவை ஒழுங்கற்ற வடிவில், ஓரம் மடிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, தாவர, விலங்கு உயிரணுக்களின் வேறுபாட்டை அவள் மனனம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

எனக்குள்ள பெரிய குறை வழிகாட்டி ஏட்டின்மீதுதான். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பதால், ஓரங்களில் தமிழ்ச் சொற்களை நானே எழுதி வைத்தேன், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெங்காய உயிரணுவின் படத்தில் பச்சைப் பசுங்கணிகங்களை வரைந்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை. உணவைச் சேமிக்கும் வெங்காயக் குமிழின் உள் இதழ்களில் பசுங்கணிகம் கிடையாது; இல்லாத ஒன்றை என் மகள் அரை மணி நேரம் தேடினாள். பிறகு மீன் தொட்டிக்கு விற்கும் ஐதரில்லாச் செடியின் ஓர் இலையை வைத்தவுடன், பச்சை மணிகளாக அவை வந்து நின்றன.

குவியத்தைச் சிறிது சிறிதாகச் சரிசெய்யும் நுண்திருகு இல்லாததால் 400 மடங்கில் லென்ஸ் தகட்டில் இடித்து, மூடு கண்ணாடிகள் இரண்டு உடைந்துவிட்டன. வாங்குவோர் கூடுதலாக ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.